நாற்காலியை விட்டு எழாத வயர்மேன்

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வயர்மேன் நாற்காலியை விட்டு எழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள். நான் நம்பியதில்லை. தோட்டத்து ஆபீசில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் ஆபரேட்டர் வேலை பார்த்த காலத்தில், என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய பட்டறை இருந்தது. கதவை எப்போதும் திறந்தே போட்டிருப்பார். காலையில் நான் வந்து உட்காரும்போதும் அந்த நாற்காலியில்தான் இருப்பார். மாலையில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடும்போதும் அதே நாற்காலியில்தான் இருப்பார்.

ஆள் பருமன் இல்லை, காலில் குறையும் இல்லை. ஒல்லியாக, நெட்டையாக, நாற்காலியில் மடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார். நடப்பது என்பது அவருக்குத் தன் தொழிலுக்கே செய்யும் அவமானம். ஏன் அண்ணே இப்படி என்று கேட்டால், வார்த்தைக்கு வார்த்தை 'லா' ஒட்டும் எங்கள் மலைப் பேச்சில் ஒரே பதில்தான்.

"கம்பி போற எடத்துக்குக் கால் எதுக்குலா, தங்கச்சி?"

சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. தன்னிடம் வரும் எதையும் செய்து கொடுப்பார். ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, துரை வீட்டு அம்மாவின் முடி உலர்த்தும் மிஷின், எல்லாம் அவர் மேசைக்கு வந்து உயிர் பெற்றுப் போகும். வர முடியாத வேலை என்றால்தான் சிக்கல். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் இரண்டு பேரைக் கம்பியோடு அனுப்பிவிட்டு, பட்டறைக் கூரைமேல் கட்டி வைத்திருந்த ஒலிபெருக்கியில் இங்கிருந்தே வேலை வாங்குவார். "எடது பக்கம் இழுலா! எடதுன்னா சோத்தாங்கை இல்லலா, முட்டாப்பயலே!" என்று மலை முழுக்கக் கேட்கும். வேலை செய்தவனுக்கு வேலையைவிட மானம் போவதுதான் பெரிய கஷ்டம்.

என்னோடு பேச வேண்டும் என்றாலும் போன்தான். நடுவில் ஒரு சின்ன முற்றம். குரல் கொடுத்தாலே கேட்கும். ஆனாலும் போர்டில் அவருடைய விளக்கு எரியும். நான் சொருகி எடுப்பேன். ஜன்னல் வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவோம். புதிதாக வந்தவர்கள் எங்களைப் பார்த்து இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள்.

வீட்டிலும் இதே கதை. பட்டறைக்கும் அவர் வீட்டு அடுப்படிக்கும் மணிக்கம்பி இழுத்திருந்தார். ஒரு தடவை அடித்தால் தேத்தண்ணி, இரண்டு தடவை அடித்தால் சோறு. அண்ணி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பையனைப் பிடித்து அடுப்படியிலிருந்து பட்டறைக்கு இன்னொரு மணி போட வைத்துவிட்டார். இவர் அடித்தால் அவரும் அடிப்பார். அதற்கு 'வந்து எடுத்துக்கோ' என்று அர்த்தம். அந்த வீட்டில் நாளெல்லாம் கோயில் மாதிரி மணி அடித்துக்கொண்டிருக்கும், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.

தோட்டத்துக் கல்யாணங்களுக்குச் சீரியல் விளக்கு அவர்தான் கட்டிக் கொடுப்பார், மேசையில் உட்கார்ந்து. கட்டியதை மற்றவர்கள் கொண்டுபோய் மாட்டுவார்கள். தாலி கட்டும் நேரத்தில் ஒலிபெருக்கியில் வாழ்த்து வரும். "பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் நல்லாருக்கணும். வாசல்ல செவப்பு பல்பு எரியலன்னு சொன்னாங்க, யாராச்சும் லேசாத் தட்டுங்கலா." கல்யாண வீட்டில் இதற்குச் சிரிப்பார்கள்.

சாவு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பழைய கங்காணி இறந்தபோது லயத்து வாசலில் ராத்திரி முழுக்க எரிய பெரிய விளக்கும் நீளமான கம்பியும் அனுப்பினார், ஆள் போகவில்லை. கங்காணியின் மகள் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மூத்தவள். வாய்க்காரி. "வெளிச்சத்தை அனுப்பிட்டா துக்கம் கேட்டதா ஆயிடுமா? இனி அந்த ஆளு வீட்டு வாசலை நான் மிதிச்சா என்னை என்னன்னு கேளுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். எனக்கும் அன்று அவர்மேல் கோபம்தான். இரண்டு நாள் அவர் விளக்கு எரிந்தும் நான் எடுக்கவில்லை.

வயர்மேனின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலை உலர்த்தும் டிரையர் அறைக்கு முதுகைக் கொடுத்துக் கட்டிய வீடு அது. டிரையர் ஓடும் நேரமெல்லாம் வீட்டின் பின்சுவர் சுடச்சுட இருக்கும். கேமரன் மலையில் பனி இறங்கும்போது எங்கள் எல்லார் வீட்டிலும் கம்பளி நனைந்து கிடக்க, அந்த ஒரு வீட்டில் மட்டும் அப்பளம் நமுக்காது. அண்ணிக்கு இளைப்பு. கட்டிலை அந்தச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். மழைக் காலத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் அவருக்கு மூச்சு வரும். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு நானும் அங்கே போய்ச் சாய்ந்து உட்காருவேன். எழுந்து வர மனமே வராது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தோட்டத்துச் சம்பளக் கணக்கையெல்லாம் இனி அதுதான் போடும் என்று கோலாலம்பூர் தலைமை ஆபீசில் முடிவாகிவிட்டது. தாப்பா ரோட்டின் அத்தனை வளைவுகளையும் லோரியில் பத்திரமாகக் கடந்து வந்த சாமான், ஆபீஸ் வாசலில் இறக்கும்போது கை நழுவியது. நல்லவேளை, மிஷின் பெட்டி இல்லை. திரையும் எழுத்துப் பலகையும் இருந்த பெட்டி. அது வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தேயிலைச் சரிவில் உருண்டு போய் ஒரு செடியில் மாட்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது.

மிஷின் இருக்கிறது, அதோடு பேச வழியில்லை. அடித்துச் சொல்ல எழுத்துப் பலகை கிடையாது, அது சொல்வதைப் பார்க்கத் திரை கிடையாது. புதிதாக வாங்கக் கடல் தாண்டி எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். எங்கள் துரை உள்ளூர்க்காரர்தான். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் நாற்காலியோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் தலைமை ஆபீசோடு பேசிவிட்டு வந்து சொன்னார்.

"கோலாலம்பூர்லேருந்து கம்ப்யூட்டர் கிராணி ஒருத்தர் சொந்தமா ஒரு திரையோட வராரு. குடும்பத்தோட இங்கேயே தங்குவாரு. வயர்மேன் வீட்டை அவருக்குக் கொடுத்துருவோம். வயர்மேனுக்கு மேல் லயத்துல ஒரு வீடு காலியா இருக்கு."

மேல் லயம் மலை முகட்டில் இருக்கிறது. பனி அங்கேதான் முதலில் இறங்கும், கடைசியில்தான் விலகும். ஆபீசின் தலைமை குமாஸ்தாவான பெரிய கிராணி இந்தச் செய்தியை வயர்மேனிடம் சொல்லிவிட்டு வந்ததும் போர்டில் அவர் விளக்கு எரிந்தது. எடுத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சொவர் இல்லாட்டி உங்க அண்ணிக்கு மூச்சு இல்ல தங்கச்சி" என்றார். பிறகு அவரே, "கோலாலம்பூர் ஆபீசுல கம்ப்யூட்டரைப் பாத்துக்கிற இன்ஜினியரைக் கூப்பிடு. அந்த ஆளு எதுக்கு இங்க வரணும்? அங்க உக்காந்துகிட்டே இந்த மிசினைப் பாத்துக்க முடியாதான்னு கேளு" என்றார். உலகத்தில் யாரும் எங்கேயும் போகத் தேவையில்லை என்று வாழ்நாளெல்லாம் நம்பிய மனிதருக்குத்தான் அப்படி ஒரு கேள்வி தோன்றும்.

இன்ஜினியர் ஈப்போவில் பிறந்த தமிழர். முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். "முடியும்மா. திரையைச் சொருகுற ஓட்டையில திரைதான் இருக்கணும்னு மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. அதுல டெலிபோனைக் கொண்டாந்து மாட்டிட்டா நான் இங்க என் திரையில பேசலாம். பெட்டியோட மோடம்னு தட்டையா ஒண்ணு வந்திருக்கும் பாருங்க. மிஷின் பேச்சை விசில் சத்தமா மாத்தி லைன்ல அனுப்புறது அதுதான். ஆனா சம்பளக் கணக்குக்கு முன்னாடி எல்லாம் முடியணும். இங்க எங்க ஆபீஸ் பெரியவர் கண்ணால பார்த்தாத்தான் ஆள் அனுப்புறதை நிறுத்துவாரு."

மறுநாளே ஆரம்பித்தோம். மோடம் மெதுவாகப் பேசுமாம், மிஷின் அவசரமாகப் பேசுமாம். இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர மிஷினின் முதுகில் பல் வரிசை மாதிரி இருக்கும் குட்டி சுவிட்சுகளை மாற்ற வேண்டும். இன்ஜினியர் போனில் வயர்மேனுக்குச் சொல்வார். வயர்மேன் நாற்காலியிலிருந்து ஒலிபெருக்கியில் எனக்குச் சொல்வார். நான் மிஷினுக்குப் பின்னால் மண்டியிட்டுக் கொண்டை ஊசியால் தள்ளுவேன்.

"மூணாவது பல்லைக் கீழ தள்ளு தங்கச்சி! அஞ்சாவதைத் தொடாத! அது நல்ல பல்லு!"

அன்று மாலை கொழுந்து எடுத்துவிட்டு இறங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் பல்லுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு விஷயத்தை விளக்கும்போது வீட்டுக் கதையும் சேர்ந்து மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் தடவை கோலாலம்பூரிலிருந்து அழைத்தபோது மோடத்தில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், ஒரு எழுத்துகூடப் போகவில்லை. மிஷினையும் மோடத்தையும் இணைத்த கம்பிக் கயிறு திரைக்காகச் செய்தது என்றார் இன்ஜினியர். அதை மோடத்தில் மாட்டினால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், இன்னொரு கம்பியில் இரண்டும் காதை வைத்துக் காத்திருக்கும். பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் இடம் மாற்றிப் போட வேண்டுமாம். வயர்மேன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம வீட்டு மணி கதைலா இது!" கயிறு அவர் மேசைக்குப் போய், வெட்டி, மாற்றி, ஈயம் வைத்து ஒட்டி, ஒரு சிகரெட் முடிவதற்குள் திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை எழுத்து போனது. ஆனால் கோலாலம்பூர்த் திரையில் கிறுக்கலாக வந்து, அப்படியே அறுந்துவிட்டதாம். அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே மாதிரி அறுந்தது. அதற்கடுத்த நாள் நான் போர்டில் காதை வைத்துக் கேட்டேன். விசில் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்.

"ஹலோ, மாமா கடையா? கம்பிங் ரெண்டு கிலோ. எலும்பு வேணாம். என்ன லைன்ல குருவி கத்துது?"

பிரிஞ்சாங் இறைச்சிக் கடையில் துரை பங்களா குக்கு ஆட்டிறைச்சி சொல்லிக்கொண்டிருந்தார். பங்களாவிலிருந்து என் போர்டைத் தாண்டாமல் நேராக வெளியே பேச வேண்டும் என்று துரை ஒருமுறை கேட்டிருக்கிறார். முறைப்படி ரோட்டுக் கம்பத்திலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். யாரோ நடக்கச் சோம்பல்பட்டு, பக்கத்தில் போன எங்கள் ஆபீஸ் லைனிலேயே ஒட்டுப் போட்டு, பங்களாவில் இருந்த அதே ஒரு போனோடு சேர்த்து விட்டிருந்தார். அங்கே ரிசீவரை எடுத்தால் இங்கே விசில் அறுந்துவிடும்.

"அண்ணே, அந்த ஒட்டைப் போட்டது யாரு?" என்று கேட்டேன்.

"எவனோ வேல தெரியாதவன்லா" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

அந்த ஒட்டை வெட்டினால் துரை வீட்டு அம்மா விட மாட்டார். வெட்டுவதென்றாலும் கம்பத்தில் ஏற வேண்டும். அதனால் வயர்மேன் குக்கையே வழிக்குக் கொண்டுவர முடிவு செய்தார். பெரியவர் பார்க்கப்போகும் நாளுக்கு முந்தின நாள் அவரைப் போனில் பிடித்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அது என் தொழில்.

"நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் போனை எடுக்காதலா."

"நீ எப்படிச் சொல்லுவ?"

"போன் பண்ணிச் சொல்றேன்."

"போனை எடுக்கக்கூடாதுன்னா நீ போன் பண்ணா நான் எப்படி எடுக்கறது?"

வயர்மேனுக்கு அன்றுதான் கம்பி போதாத ஒரு இடம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் பங்களாவுக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபேக்டரி சங்கு ஊதறேன். சங்கு கேட்டா நீ கம்பிங் சொல்லு" என்றார். சங்கு சுவிட்ச் அவர் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

அந்த நாள் வந்தது. துரையும் பெரிய கிராணியும் மோடத்தைச் சுற்றி நின்றார்கள். எங்கள் பக்கம் திரை கிடையாது. அதனால் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன நடக்குது?" என்றார் துரை.

"இங்க ஒண்ணும் நடக்கல தொரை. எல்லாம் கோலாலம்பூர்ல நடக்குது" என்றார் பெரிய கிராணி பயபக்தியோடு.

விளக்கு அணைந்தது. அந்த வீட்டுச் சுவரும் அண்ணியின் முதுகும்தான் கண்முன் வந்தன. போன் அடித்தது, இன்ஜினியர்தான். "வந்துருச்சும்மா! மிஷின் என் பேரைக் கேட்டுச்சு, உள்ள போயிட்டேன், சுத்திப் பார்த்துட்டேன். பெரியவர் பின்னாடிதான் நிக்கிறாரு. ஆளை அனுப்பறதா வேணாமான்னு பேசிட்டுக் கூப்பிடறேன்."

ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினேன். வயர்மேன் கையை நீட்டிச் சங்கை அழுத்தினார். சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டார். அது பாட்டுக்கு மலை மலையாக எதிரொலித்தது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைத் தவிர எங்கள் ஃபேக்டரியில் எந்த நேரத்தில் சங்கு ஊதினாலும் ஒரே அர்த்தம்தான்: டிரையரில் தீ. இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சங்கைப் பராமரித்த மனிதர் மட்டும் குக்கை நினைத்துக்கொண்டு அதை மறந்துவிட்டார்.

முதலில் மலையில் கூச்சல் கேட்டது. பிறகு சரிவெல்லாம் பெண்கள். கூடையை உதறிவிட்டுத் தண்ணீர்க் கேனோடும் நனைத்த சாக்கோடும் செடி இடுக்கில் விழுந்து எழுந்து வந்தார்கள். பக்கத்துக் கோலா தெர்லாவிலிருந்து கோசு ஏற்றி வந்த சீனர் ஒருவர் லோரியை நடு ரோட்டில் விட்டுவிட்டு வாளியோடு ஓடி வந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் கங்காணியின் மகள். அவள் ஃபேக்டரிக்குப் போகவில்லை. நேரே வயர்மேன் வீட்டுக்குப் போய்க் கதவை ஒரே உதை. டிரையரில் தீப் பிடித்தால் முதலில் வேகும் சுவர் அதுதானே. அண்ணியைக் கம்பளியோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னடி, என்னத்துக்கு என்னைத் தூக்கிட்டு ஓடற? அடுப்புல ரசம் கொதிக்குதுடி!" என்று அண்ணி தோளில் கிடந்தபடி கத்தினார்.

"யார் சங்கு ஊதினது?" துரை வாசலில் நின்று அலறினார். எங்கேயும் புகை இல்லை. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பட்டறை வாசலில் வயர்மேன் நின்றார். ஆமாம், நின்றார். "நான்தான் தொரை."

"எதுக்கு?"

"குக்கு கம்பிங் ஆர்டர் போடலாம்னு சொல்ல."

சீனர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு கங்காணியின் மகள் அண்ணியை மெல்ல இறக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் முழங்காலில் ரத்தம். "கம்பிங்குக்கா? உங்க பொண்டாட்டி வெந்துட்டாளோன்னு ஈரக்கொலை பதற ஓடியாந்தேன். கொழுந்தெல்லாம் சரிவுல கொட்டிக் கெடக்குது."

வயர்மேன் முற்றத்தைத் தாண்டி வந்தார். அவள் முன்னால் வந்து நின்றார். ஒலிபெருக்கியில் மலை முழுக்கக் கேட்கப் பேசும் மனிதர் அன்று தணிந்த குரலில் பேசினார். "உங்கப்பா சாவுக்கு நான் வரலம்மா" என்றார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். அக்காவை உள்ள அனுப்புங்க, பனி விழுது." முந்தானையால் முழங்காலைத் துடைத்தபடி அவளே கேட்டாள். "வீடு என்ன ஆச்சு? அந்த ஆளு வரானா?"

"இன்னும் தெரியல."

அண்ணியை இரண்டு பெண்கள் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வயர்மேன் மலையைப் பார்த்தார். யாரோ வாசலில் போட்டிருந்த வெறும் கூடையை எடுத்தார். கொழுந்து கொட்டிக் கிடந்த சரிவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பெண்கள் அவர் நடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார்கள். ஏறத் தெரியாமல் செடியைப் பிடித்துப் பிடித்துப் போனார். துரை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் தன் கையிலும் ஒரு வாளி இருப்பதைக் கவனித்து மூடிக்கொண்டார்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"பெரியவர் ஒத்துக்கிட்டாரும்மா. இனிமே எல்லாம் இங்கருந்தே பார்த்துக்கலாம், ஆள் யாரும் வர மாட்டாங்க. வீடு அவருதுதான். வயர்மேன்கிட்ட கொடுங்க, நானே சொல்றேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

"அவர் இடத்துல இல்ல சார்" என்றேன். அத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"எங்க போயிட்டாரு? மைக்குல கூப்பிடுங்களேன்."

"வேணாம் சார். நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். போர்டில் பங்களா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.